கல்யாணப் பூவுக்குக் கேட்கிற தொகை நியாயமா? டெல்டாவில் முதன்முதலாகக் கல்யாணம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சாப்பாடு, மண்டபம், நகை, புடவை என்று எதைக் கேட்டாலும் நம் பக்கத்தில் விவரம் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். பூ என்று வரும்போது மட்டும் "பூக்காரர்ட்ட சொல்லியாச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பின்னால் ஒரு மொத்தத் தொகை இருக்கும். அது அதிகமா, சரியா, சந்தேகப்படும் அளவுக்குக் குறைவா என்று சொல்ல வீட்டில் ஆள் இருக்காது. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ கல்யாணம் வைப்பவர்கள் பாடு இன்னும் சிரமம்.

மொத்தத் தொகையை வைத்துக்கொண்டு நியாயம் பேச முடியாது. அதற்குள் பூ விலை இருக்கிறது, கட்டுக்கூலி இருக்கிறது, மேடைச் சட்டம், துணி, விளக்கு மாதிரியான வாடகைச் சாமான் இருக்கிறது, ராத்திரி வேலை பார்க்கும் ஆட்களும் வண்டியும் இருக்கிறது, கடைசியாகப் பூக்காரரின் லாபம் இருக்கிறது. இவை தனித்தனியாகத் தெரிந்தால் எங்கே நியாயம், எங்கே ஏற்றம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். பிரித்துக் காட்ட வைப்பது எப்படி என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் நாளைப் பாருங்கள்

பூக்காரரைப் பார்க்கும் முன் காலண்டரைப் பாருங்கள். மல்லிகை பங்குனியில் வரத்துப் பிடித்து, சித்திரை, வைகாசி, ஆனி வரை நன்றாக வரும். ஐப்பசி மழையில் குறையும். மார்கழி, தைப் பனியில் மொட்டுப் பிடிக்காது. ஆக, கோடையில் வரத்து கொட்டும்போது கிலோ 300 ரூபாய்க்கும் கீழே இறங்குகிற அதே மல்லிகை, தை முகூர்த்தத்தில் 3,000 ரூபாயைத் தாண்டியும் விற்றிருக்கிறது. போன வைகாசியில் அக்கா மகளுக்கு என்ன கொடுத்தோம் என்பதை வைத்துத் தைக் கல்யாணத்துக்கு விலை பேசினால் பூக்காரருக்கும் உங்களுக்கும் சண்டைதான் மிஞ்சும்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் தை பிறந்ததும் காத்திருந்த கல்யாணமெல்லாம் ஒன்றாக வரும். அதிலும் வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் பூ கிடைப்பதே பெரிய விஷயம். தேய்பிறை முகூர்த்தத்துக்கு உங்கள் வீட்டில் ஆட்சேபம் இல்லையென்றால் பூச்செலவில் நல்ல மிச்சம். மணமக்களுக்கு ரோஜா மாலைதான் வேண்டும் என்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பிப்ரவரி 14 நெருங்க நெருங்க ஓசூர் ரோஜா வெளிநாட்டுக்கும் பெருநகரங்களுக்கும் போய்விடும். தைக் கடைசியில் ரோஜா விலை ஏறுவதற்கு உள்ளூர்ப் பூக்காரர் காரணம் இல்லை.

அடுத்து, எந்த நாள் விலை உங்கள் தலையில் விழும் என்பது. மல்லிகையை விடிவதற்குள் மொட்டாகப் பறித்துச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். சாயங்காலம் மலர ஆரம்பிக்கும். முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் என்றால் பூ வாங்குவது முந்தின நாள், கட்டுவது முந்தின ராத்திரி. அதனால் முகூர்த்தத்தன்று சந்தையில் விலை இறங்கியிருந்தாலும் உங்களுக்குப் பயனில்லை. ஊரில் உள்ள அத்தனை கல்யாணக்காரரும் வாங்குகிற முந்தின நாள் விலைதான் உங்கள் விலை.

சந்தைக்கு ஒருமுறை போய் வாருங்கள்

நெல் விளைகிற களிமண்ணில் மல்லிகை வராது. டெல்டாவுக்குப் பூ வருவது ஓரங்களிலிருந்து: திருச்சி பக்கம் எட்டரை, போதாவூர், தஞ்சாவூருக்குத் தெற்கே செம்மண் பூமியான மருங்குளம், திருக்கானூர்பட்டி வட்டாரம், கடலோர மணலில் வேதாரண்யம். வேதாரண்யத்து முல்லைக்குத் தனி மவுசு உண்டு. போதாததற்குத் திண்டுக்கல், நிலக்கோட்டை, ஓசூரிலிருந்து மூட்டையும் பெட்டியும் வரும். திருவாரூரிலோ மயிலாடுதுறையிலோ கடை வைத்திருப்பவர் திருச்சி விலையோடு வண்டி வாடகையையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும். அது நியாயமான செலவு. எவ்வளவு என்று கேட்பதும் நியாயம்.

ஸ்ரீரங்கம் சாத்தார வீதிக்கோ தஞ்சாவூர் பூக்காரத் தெருவுக்கோ விடிகாலையில் ஒருமுறை போய் நில்லுங்கள். முடிந்தால் கல்யாணத்துக்கு முந்தைய ஏதாவது ஒரு முகூர்த்தத்தின் முந்தின நாளாகப் பார்த்துப் போங்கள். மல்லி, முல்லை, ஜாதிமல்லி, காக்கரட்டான், சம்பங்கி, செவ்வந்தி, அரளி, கனகாம்பரம், பன்னீர் ரோஜா என்று ஒவ்வொன்றுக்கும் விலை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காலையில் முதல் விலை ஒன்று இருக்கும், பத்து மணிக்கு மேல் வேறொன்று. இரண்டையும் கேளுங்கள். பெரிய முகூர்த்தங்களின்போது நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்திலும் பூ விலை வரும். போன வருஷம் அதே மாதத்து விலையைத் தேடி எடுத்தால் பேரம் பேச அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

மழை நாளில் போனால் பூவைக் கையில் அள்ளிப் பாருங்கள். நனைந்த பூ கனக்கும். கிலோக் கணக்கில் வாங்கும்போது தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு போகிறது. கட்டுவதற்கு முன் ஈரம் வடிந்ததும் எடை குறைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகைக் கல்யாணத்துக்குப் பூக்காரர் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு கிலோ கூடப் போட்டால் அதைத் தட்டிக் கேட்க வேண்டாம்.

பட்டியலை நீங்கள் எழுதுங்கள்

பட்டியலைப் பூக்காரர் எழுதினால் அவருக்கு வசதியானது இருக்கும். நீங்கள் எழுதினால் உங்களுக்கு வேண்டியது இருக்கும். நிச்சயதார்த்த மாலை, பெண் அழைப்பு, மாப்பிள்ளை அழைப்பு வண்டி, வரவேற்பு மாலை, முகூர்த்த மாலை, மாலை மாற்றும் வழக்கம் இருந்தால் அதற்கான மாலைகள், சம்பந்தி மாலை, குலதெய்வத்துக்கும் பிள்ளையாருக்கும் மாலை, பெண்ணுக்கு ஜடை, தாம்பாளத்துக்கு உதிரிப்பூ, அட்சதையோடு கலக்க இதழ், வருகிற பெண்களுக்குத் தலைக்குப் பூ, மேடை, வாசல் என்று வரிசையாக எழுதுங்கள். பிறகு வீட்டுப் பெரியவர்களிடம் படித்துக் காட்டுங்கள். "தாய்மாமன் மாலை மாமா வீட்லேர்ந்து வந்துடும்டா" என்று அத்தை ஒருவர் சொல்வார். அதை அடித்துவிடலாம். இப்படி இரண்டு பக்கத்திலும் சொல்லி வைத்த மாலைகள் கடைசியில் மண்டபத்து ஆணியில் தொங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாப்பிள்ளை வீட்டாரும் இதே பட்டியலைப் பார்க்கட்டும். யார் செலவு எது என்பது அங்கேயே தெளிந்துவிடும்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தப் பூ, எத்தனை, என்ன நீளம், எத்தனை மணிக்கு வேண்டும் என்று நான்கு விவரம் இருக்கட்டும். மாலைக்கு விலை சொல்லும்போது ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று கேட்டு எழுதுங்கள். விலையில் வரும் தகராறுகளில் பாதி இந்த ஒரு இடத்தில்தான் முளைக்கிறது.

தலைக்குப் பூ: கணக்குப் போட்டுப் பழக நல்ல இடம்

தலைக்குப் பூவில் மறைக்க ஒன்றும் இல்லை. பூ, நார், கூலி மூன்றுதான். அதனால் இங்கே கணக்கைப் பழகிக்கொண்டால் மற்றதெல்லாம் பிடிபட்டுவிடும்.

100 கிராம் மல்லிகை மொட்டு வாங்கி, உங்கள் தெருவில் பூ கட்டுகிற ஒரு அம்மாவிடம் கொடுத்து, கல்யாணத்துக்கு எப்படி வேண்டுமோ அப்படிக் கட்டித் தரச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஈரமான வாழைநாரை இடது கை விரலில் சுற்றிக்கொண்டு, இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு வைத்து, நாரைச் சுழற்றி ஒரு முடிச்சு. முடிச்சுக்கும் முடிச்சுக்கும் இடையில் காம்பு தெரியாமல் இருந்தால் அது நெருக்கமான கட்டு. நார் பளிச்சென்று வெளியே தெரிந்தால் தளர்ந்த கட்டு. இரண்டும் சரம்தான், நீளமும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் நெருக்கக் கட்டில் போகிற பூ தளர்ந்த கட்டில் போகாது.

கட்டி முடித்ததும் அளவு நாடாவால் அளந்து பாருங்கள். பூக்காரர் முழம், உங்கள் முழம் என்ற பேச்சே வேண்டாம். ஒரு முழம் என்றால் ஒன்றரை அடி என்று எழுதிப் பேசிக்கொள்ளுங்கள். 100 கிராமுக்கு நாலு முழம் வந்தது என்று வைத்துக்கொண்டால் கிலோவுக்கு 40 முழம். 300 பெண்களுக்கு ஆளுக்கு ஒரு முழம் என்றால் ஏழரை கிலோ, சேதாரத்தோடு 8 கிலோ. கிலோ 600 ரூபாய் விற்கிற நாளில் பூவுக்கு மட்டும் 4,800 ரூபாய். 2,000 ரூபாய் விற்கிற நாளில் 16,000. கூலி இரண்டு நாளும் ஏறக்குறைய ஒன்றுதான். பூ விலை மூன்று மடங்கு ஏறியதால் மொத்தமும் மூன்று மடங்காக வேண்டும் என்று யாராவது சொன்னால் அங்கே நிறுத்திக் கேளுங்கள்.

கட்டுக்கூலியைக் கிலோவுக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். அந்த அம்மாவிடமே அவர் வாங்குகிற கூலியைக் கேளுங்கள். பூக்காரர் உங்களிடம் கூலி என்று போடுகிற தொகைக்கும் அதற்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். வேலையைப் பிரித்துக் கொடுத்து, நேரத்துக்கு வாங்கி வருகிற பொறுப்பு அவருடையது. ஒன்றுக்கு மூன்றாக இருந்தால் கேள்வி கேட்கலாம். ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் கட்டுகிற பெண்களின் கூலியைக் குறைத்துப் பேரம் பேச மட்டும் செய்யாதீர்கள். அங்கே குறைகிற பணம் கட்டில்தான் குறையும். முகூர்த்தத்துக்குள் பூ உதிரும்.

தைக் கல்யாணமாக இருந்தால் தனி மல்லிகையைத் தலைக்குக் கொடுக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடலாம். தஞ்சாவூர்க் கதம்பம் நம்மூர்ச் சொத்து. கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் கலந்து, நடுவே கொஞ்சம் மல்லிகையோ முல்லையோ வைத்துக் கட்டினால் வாசனையும் நிறமும் தனி மல்லிகையில் கிடைக்காதது. கனகாம்பரம் விலையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் சில நாள் எகிறும். காக்கரட்டான் பார்வைக்கு மல்லிகைபோல இருக்கும், விலை குறைவு, வாசனையும் குறைவு. மல்லிகை விலை வாங்கிக்கொண்டு காக்கரட்டானைக் கலந்து கட்டுகிறவர்கள் உண்டு. சரத்தை முகர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

மாலைக்கு என்ன பார்க்க வேண்டும்

மாலையில் பூவைவிடக் கைவேலைக்குத்தான் அதிகம் கொடுக்கிறோம். சம்பங்கி உடம்பில் நடுநடுவே ரோஜா வைத்த மாலை ஒரு விலை. முழு ரோஜாவைக் கோத்த மாலை அதைவிடக் கூட. ரோஜா இதழை ஒவ்வொன்றாக மடித்துக் கோக்கிற இதழ் மாலை ஒரு ஆளின் முழு நாள் வேலையைத் தின்னும், விலையும் அப்படித்தான் இருக்கும். அதில் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை. படத்தில் பார்த்த மாலைக்கும் கைக்கு வருகிற மாலைக்கும் வித்தியாசம் வருவது இங்கேதான் என்பதால், பூக்காரர் இந்த மாதம் வேறு கல்யாணத்துக்குக் கட்டிய மாலையை நேரில் பார்க்கக் கேளுங்கள். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் மட்டும் பூ வைத்துப் பின்னால் தட்டையாக விட்ட மாலையும், சுற்றிலும் கட்டிய மாலையும் ஒரே விலையாக இருக்கக் கூடாது. அடிக்குஞ்சம் எந்தப் பூ, உள்ளே நிரப்பியது என்ன, ஜிகினா எவ்வளவு என்பதும் அப்போதே தெரியும்.

ரோஜாவைக் கட்டுக் கணக்கில் வாங்குவார்கள். ஓசூர் ரோஜா கட்டுக்கு 20 பூ. ஒரு மாலைக்கு எத்தனை பூ போகும் என்று கேட்டால் கட்டுபவர் சட்டென்று சொல்வார். அதைக் கட்டாக்கி அன்றைய விலையால் பெருக்கினால் பூச்செலவு வந்துவிடும். மீதி கைவேலையும் லாபமும்.

சாயம் ஏற்றிய பூ வேண்டாம் என்று பட்டியலிலேயே எழுதுங்கள். புடவை நிறத்துக்குப் பொருத்தமாக நீலத்திலும் பச்சையிலும் பூ கேட்டால் சாயம்தான் வரும். வியர்வையும் ஈரமும் பட்டால் அது வெள்ளை வேட்டியிலும் கூறைப் புடவையிலும் இறங்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு பூவை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்கலாம்.

மேடை அலங்காரம்: பணம் போகிற இடம்

பெரிய தொகை இங்கேதான். மாலை கட்டுகிறவரும் மேடை போடுகிறவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். ஒருவரே இரண்டையும் எடுத்திருந்தால் ஒன்றை இன்னொருவரிடம் கொடுத்து, நடுவில் ஒரு பங்கு வைப்பார். இரண்டையும் தனித்தனியாகவும் விலை கேட்டுப் பாருங்கள்.

சில மண்டபங்களில் அவர்கள் சொல்கிற ஆளைத்தான் வைக்க வேண்டும் என்பார்கள், வெளியாள் வந்தால் தனிக் கட்டணம் கேட்பார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பிறகு கேட்டால் உங்கள் கையில் பிடி இல்லை.

மேடையின் அகல உயரத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 20 அடி அகலம், 10 அடி உயரம் என்றால் 200 சதுர அடி. யார் விலை சொன்னாலும் மூன்று கேள்வி: இதில் எத்தனை அடி நிஜப் பூ, எத்தனை அடி துணி, எத்தனை அடி பிளாஸ்டிக் பூ? பிளாஸ்டிக் பூவும் சட்டமும் அவருடைய சொந்தச் சரக்கு; இந்தக் கல்யாணம் முடிந்ததும் அடுத்ததற்குப் போய்விடும். அதற்கு வாடகை கொடுப்பது சரி, விலை கொடுக்கக் கூடாது. நிஜப் பூ என்று சொல்கிற பகுதிக்கு எத்தனை கிலோ செவ்வந்தி, எத்தனை கட்டு ஜெர்பரா, கார்னேஷன் என்று எழுதி வாங்குங்கள். எண் சொல்லத் தெரியாதவர் நிஜமாகவே கணக்குப் போட்டு விலை சொல்லவில்லை.

நம் பக்கம் முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் விடியலில் முகூர்த்தம். சாயங்காலம் வைத்த பூ விளக்குச் சூட்டில் ராத்திரியே தொங்கிவிடும். "இந்த ரேட் ஒரு வேளைக்கா, ரெண்டு வேளைக்கா அண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். "விடியக்காலம் மூணு மணிக்கு ஆள் வந்து வாடினதை மாத்திக் குடுத்துடும்" என்று பதில் வந்தால் நல்ல பூக்காரர். அதற்கு வைக்கிற கூலியும் நியாயம். "அது பாத்துக்கலாம்ங்க" என்றால் பாதி வாடிய மேடையில்தான் தாலி கட்ட வேண்டியிருக்கும்.

வாசலுக்கு வாழைமரமும் தென்னங்குருத்துத் தோரணமும் டெல்டாவில் பூக்காரரிடம் விலைக்கு வாங்க வேண்டிய பொருளே இல்லை. கொள்ளிடக் கரையிலும் காவிரிக் கரையிலும் வாழை இல்லாத ஊர் எது? கொல்லையோ தோப்போ உள்ள சொந்தக்காரர் ஒருவரிடம் சொன்னால் குலையோடு வெட்டி வண்டியில் ஏற்றிவிடுவார். பட்டியலில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

தொகையைப் பேசி முடிப்பது

கும்பகோணத்தில் ஒருவர், வெளியூரில் ஒருவர், உறவினர் சொன்ன ஒருவர் என்று மூன்று பேரிடம் ஒரே பட்டியலைக் கொடுத்து விலை கேளுங்கள். பட்டியல் மாறினால் ஒப்பிட்டுப் பயனில்லை. மூன்றில் ஒன்று மிகவும் குறைவாக வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். பெட்டியில் ஐஸ் போட்டு வைத்த பழைய மொட்டாக இருக்கலாம். காம்பு பழுத்தும், மொட்டு கண்ணாடிபோல நிறம் மாறியும் இருந்தால் பழையது.

விலை பேச இரண்டு முறை உண்டு. ஒன்று, மொத்தமாக இவ்வளவு என்று முடிப்பது. இன்னொன்று, அன்றைய சந்தை விலையோடு கூலி இவ்வளவு என்பது. சித்திரை, வைகாசியில் இரண்டாவது முறை உங்களுக்கு லாபம். தையில் முதல் முறைதான் நிம்மதி, ஆனால் விலை ஏறினால் என்ன செய்வது என்ற பயத்துக்கும் சேர்த்துப் பூக்காரர் தொகை சொல்வார். அதைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. மல்லிகை கிலோ இன்ன விலையைத் தாண்டினால் மல்லிகையைப் பாதியாக்கிச் சம்பங்கியோ காக்கரட்டானோ போடலாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். பயம் குறைந்தால் தொகையும் இறங்கும்.

பில்லில் ஜிஎஸ்டி போட்டிருந்தால் பதிவு எண்ணைப் பாருங்கள். புதுப் பூவுக்கு வரி கிடையாது, அலங்கார வேலைக்கு உண்டு. பதிவு எண் இல்லாதவர் வரி என்று தனியாக வாங்கக் கூடாது.

முன்பணமாக மூன்றில் ஒரு பங்கு போதும். பூ வாங்குகிற முந்தின நாள் காலையில் இன்னொரு பங்கு. சந்தையில் ரொக்கம் கொடுத்துத்தான் அவர் பூ எடுக்க வேண்டும், அந்த நேரத்தில் இழுத்தடித்தால் நல்ல பூ கை மாறிவிடும். மீதி, கல்யாணம் முடிந்து.

பூ வந்து இறங்கும்போது

பட்டியலின் ஒரு பிரதியோடு பொறுப்பான ஒருவரை விடிகாலையில் மண்டபத்தில் உட்கார வையுங்கள். சித்தப்பாவோ, கண்விழிக்கத் தெரிந்த மச்சானோ யாராவது. பெண்ணின் அப்பா வேண்டாம், அவருக்கு வேறு ஆயிரம் வேலை. மாலைகளை எண்ணி, இரண்டு சரத்தை எடுத்து நாடாவால் அளந்து, குறைந்தால் அப்போதே போனில் சொல்ல வேண்டும். முகூர்த்தம் முடிந்த பிறகு சொன்னால் யாராலும் சரிசெய்ய முடியாது. மாலையை வாழை இலையில் சுற்றி, நிழலான இடத்தில் வைக்கவும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வெந்துவிடும்.

முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போதே மேடைச் சாமான்களை இறக்க ஆள் வந்துவிடுவார்கள். விளக்கு, சட்டம், துணி எதையாவது பிள்ளைகள் உடைத்திருந்தால் அவர்கள் முன்னாலேயே பார்த்துத் தொகை பேசிக்கொள்ளுங்கள். வந்து சேராத அயிட்டம் இருந்தால் பட்டியலைக் காட்டி அதைக் கழித்துவிட்டு, மீதிப் பணத்தை அன்றைக்கே கொடுத்து, பட்டியலிலேயே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கட்டியவர்களின் கூலி அந்த மீதிப் பணத்திலிருந்துதான் போக வேண்டும்.